காரின் கூரையில் சுற்றும் லேசர்: ஒரு சிறு வரலாறு

டிரைவர் இல்லாமல் ஓடும் கார்களின் படத்தையோ வீடியோவையோ பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கூரையின் மேல் சின்னக் குடத்தைக் கவிழ்த்து வைத்தது போல ஏதோ ஒன்று விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும். போலீஸ் வண்டியின் விளக்கு மாதிரிகூடத் தெரியும். ஆனால் அது விளக்கு இல்லை. லேசர் ஒளியை வைத்துச் சுற்றிலும் உள்ள பொருட்களின் தூரத்தை அளக்கும் கருவி. அதற்குப் பெயர் லைடார்.

இந்த உருவத்தில் இதைக் காருக்காகச் செய்தவர் ராணுவ விஞ்ஞானியும் இல்லை, கார் கம்பெனி எஞ்சினியரும் இல்லை. வீட்டு ஹாலில் வைக்கும் ஸ்பீக்கர் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தவர்!

இந்தக் கருவியின் வரலாற்றில் இன்னொரு விசித்திரமும் உண்டு. கருவி தன் வேலையைச் சரியாகச் செய்த நாட்களிலேயே வண்டிகள் தோற்றிருக்கின்றன. ஒரு முறை ஓர் உயிரும் போயிருக்கிறது. தூரத்தை அளப்பது வேறு, அளந்ததை வைத்து வண்டி ஓட்டுவது வேறு என்பதை உலகம் கற்றுக்கொண்ட கதை இது.

லேசர் எப்படித் தூரத்தை அளக்கிறது?

ஆழமான கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தால் சற்றுக் கழித்து எதிரொலி வரும். எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று கணக்கிட்டால் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். லைடாரும் இதையேதான் செய்கிறது. குரலுக்குப் பதிலாக லேசர் ஒளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். 30 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஒரு லாரியின் மேல் பட்டு ஒளி திரும்பி வர 200 நானோ விநாடிதான் ஆகும். ஒரு விநாடியை 50 லட்சம் துண்டுகளாக வெட்டினால் அதில் ஒரு துண்டு! நேரத்தை அளப்பதில் ஒரே ஒரு நானோ விநாடி பிசகினாலும் தூரத்தில் 15 சென்டிமீட்டர் பிழை வந்துவிடும். வேகமான மின்னணுச் சுற்றுகள் இல்லாமல் இது நடக்காது.

முதல் லேசர் 1960-இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் செய்து காட்டியது. அதற்குச் சில ஆண்டுகளிலேயே தூரம் அளக்க லேசரைப் பயன்படுத்தும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. 1971-இல் அப்பல்லோ 15 விண்கலம் நிலவைச் சுற்றியபடியே லேசர் மூலம் நிலவின் மேடு பள்ளங்களை அளந்தது. பிறகு தொழிற்சாலைகளுக்கு வந்தது. ஜெர்மனியின் சிக் என்ற நிறுவனம் செய்த லேசர் கருவிகளில் உள்ளே ஒரு சிறிய கண்ணாடி சுற்றும். அது லேசர் கதிரை விசிறி போல ஒரே தளத்தில் வீசும். யாராவது இயந்திரத்துக்கு மிக அருகில் வந்தால் உடனே அதை நிறுத்துவதற்கு இது போதும்.

ஆக, சுற்றும் லேசர் என்பது புதிய விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கருவி பார்த்தது ஒரே ஒரு கோட்டை மட்டும்தான். கோட்டுக்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தொழிற்சாலையின் சமதளத்தில் அது போதும். பாலைவனத்தில்?

2004: ஏழே மைல்

அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவத்துக்கு ஓர் இலக்கு வைத்திருந்தது. 2015-க்குள் தரையில் ஓடும் போர் வாகனங்களில் மூன்றில் ஒரு பங்கு ஆள் இல்லாமல் ஓட வேண்டும். அதற்கு வழி தேடிய டார்பா என்ற ராணுவ ஆராய்ச்சி அமைப்பு ஒரு போட்டியை அறிவித்தது. மொஹாவி பாலைவனத்தில் 142 மைல் தூரத்தை மனித உதவி இல்லாமல் கடக்க வேண்டும். பரிசு 10 லட்சம் டாலர்.

2004 மார்ச் 13 அன்று கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோ அருகே 15 வண்டிகள் போட்டிக்கு வந்தன. ஒன்றுகூட முடிக்கவில்லை. அதிக தூரம் போனது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சாண்ட்ஸ்டார்ம். அது போனதே ஏழரை மைலுக்கும் குறைவு! ஒரு வளைவில் ஓரத்து மேட்டின் மேல் ஏறிச் சிக்கி, சக்கரம் சுற்றிச் சுற்றி ரப்பர் புகைய நின்றுபோனது.

அந்தப் போட்டியில் மூன்றாவது அதிக தூரம் போனது ஒரு டொயோட்டா டன்ட்ரா வண்டி. அதன் பின்னால் பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. டேவிட் ஹால், புரூஸ் ஹால் என்ற சகோதரர்களின் வண்டி அது. டேவிட் ஹால் 1983-இல் கலிஃபோர்னியாவில் வெலோடைன் என்ற ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கியவர். அவருடைய சப்வூஃபரில் ஒரு நுணுக்கம் இருந்தது. ஸ்பீக்கரின் கூம்பு உண்மையில் எப்படி அசைகிறது என்பதை ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கும். அசைவு இசையிலிருந்து விலகினால் மின்சுற்று உடனுக்குடன் திருத்தும். அளப்பது, ஒப்பிடுவது, திருத்துவது. ரோபோட்டுகளின் அடிப்படையும் இதுதானே! சகோதரர்கள் இருவரும் டிவியில் வரும் ரோபோட் சண்டைப் போட்டிகளிலும் கலந்துகொண்டவர்கள்.

2004-இல் அவர்கள் வண்டியில் லேசர் இல்லை. மனிதனின் இரண்டு கண்கள் போல இரண்டு கேமராக்களை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 6 மைல் போன பிறகு, வழியில் வேறொரு வண்டியை அப்புறப்படுத்துவதற்காக இவர்களுடைய வண்டியை நிறுத்தி வைத்தார்கள். மீண்டும் கிளம்பும்போது கால்பந்து அளவுள்ள ஒரு கல்லில் மாட்டிக்கொண்டது. அதோடு போட்டி முடிந்தது.

கேமராவை வைத்துத் தூரம் கணிப்பது எவ்வளவு கடினம் என்று டேவிட் ஹாலுக்குப் புரிந்துவிட்டது. மற்ற அணிகள் வைத்திருந்த ஒற்றைக் கோட்டு லேசர்களையும் பார்த்தார். இரண்டுமே போதாது என்று முடிவு செய்தார்.

2005: 64 கண்கள்

அவருடைய யோசனை கேட்பதற்கு மிக எளிமையானது. ஒரு லேசர் ஒரு கோட்டைத்தான் பார்க்கும் என்றால், 64 லேசர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றும் சற்று வேறு கோணத்தில் பார்க்கும்படி அடுக்கினால்? அந்த அடுக்கு முழுவதையும் ஒரு மோட்டாரில் வைத்துச் சுற்றினால்? நாலாபுறமும் மேலும் கீழும் ஒரே கருவியில் தெரியும்.

செய்து பார்ப்பதுதான் கஷ்டம். முதலாவது, சுற்றும் தலைக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். அதிலிருந்து அளவுகளை வெளியே கொண்டுவர வேண்டும். சாதாரண வயரை இழுத்தால் முதல் நிமிடத்திலேயே கயிறு போல முறுக்கிக்கொள்ளும். இரண்டாவது, எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும். சமமில்லாத மின்விசிறி எப்படி ஆடும் என்று நமக்குத் தெரியும். கருவி ஆடினால் அளவும் ஆடும். மூன்றாவது, 64 லேசர்களும் 64 ஒளி உணரிகளும் ஒன்றின் வெளிச்சத்தை மற்றொன்று தன்னுடையது என்று எண்ணிக்கொள்ளாதபடி மிகக் குறுகிய இடைவெளியில் முறை வைத்து வேலை செய்ய வேண்டும்.

ஹால் செய்த முதல் கருவி ஏறக்குறைய 30 அங்குல விட்டமும் 100 பவுண்டு எடையும் உடையது. நம் கணக்கில் ஒரு மூட்டை அரிசியைவிடச் சற்றே குறைவு! அதை டன்ட்ராவின் கூரையில் ஏற்றி 2005 அக்டோபர் 8 அன்று இரண்டாவது போட்டிக்குக் கொண்டுவந்தார்கள். இந்த முறை 132 மைல். பரிசு 20 லட்சம் டாலர்.

வென்றது யார் தெரியுமா? ஹால் இல்லை. அவர்களுடைய வண்டி சுமார் 26 மைலில் நின்றுவிட்டது. காரணம் லேசர் அல்ல. ஸ்டீயரிங்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையின் கோளாறு. கண் நன்றாகவே இருந்தது, கை வேலை செய்யவில்லை.

வென்றது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி. 6 மணி 53 நிமிடத்தில் எல்லையைத் தொட்டது. கார்னகி மெலனின் சாண்ட்ஸ்டார்ம் சுமார் 11 நிமிடம் பின்னால் வந்தது. ஸ்டான்லியின் கூரையில் இருந்தவை ஐந்து சிக் லேசர்கள், அதே ஒற்றைக் கோட்டு லேசர்கள். ஒவ்வொன்றும் சாலையை வெவ்வேறு சாய்வில் பார்க்கும். வண்டி முன்னே நகர நகர அந்தக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து தரையின் உருவம் கிடைக்கும்.

பொருத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது

ஸ்டான்லி குழு சந்தித்த ஒரு பிரச்சினையைத் தெரிந்துகொண்டால்தான் வண்டியில் லேசரைப் பொருத்துவது ஏன் பெரிய வேலை என்பது புரியும்.

லேசர் சொல்வது தூரத்தை மட்டும்தான். ‘12 மீட்டரில் ஏதோ இருக்கிறது’ என்று சொல்லும். எந்தத் திசையில் 12 மீட்டர்? அதைக் கருவி வண்டியில் பொருத்தப்பட்ட கோணமும், அந்தக் கணத்தில் வண்டி எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதும் முடிவு செய்கின்றன. கோணத்தில் ஒரே ஒரு டிகிரி பிழை இருந்தால் 30 மீட்டர் தூரத்தில் உயரம் 52 சென்டிமீட்டர் மாறிப்போகும். அதாவது சமமான தரை முழங்கால் உயரத் திட்டாகத் தெரியும்! வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறும்போது மூக்கு ஒரு டிகிரி சாய்வது சர்வசாதாரணம்.

ஸ்டான்லி குழுவின் தொடக்கக் கணக்கில் நன்றாக ஓட்டக்கூடிய தரையில் 12.6 சதவீதம் தடை என்று தவறாகக் குறிக்கப்பட்டது. இல்லாத கல்லுக்காக வண்டி பிரேக் போட்டு ஒதுங்கினால் எப்படிப் போட்டியில் ஜெயிப்பது? அவர்கள் புதிதாக லேசர் வாங்கவில்லை. பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிடும்போது ‘இவ்வளவு நேர இடைவெளியில் இவ்வளவு பிழை வர வாய்ப்பு உண்டு’ என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்களை, ஒரு மனிதன் வண்டியை ஓட்டிக் காட்டிய பாதைகளிலிருந்து கணினியே கற்றுக்கொண்டது. அந்தத் தவறு 12.6 சதவீதத்திலிருந்து 0.002 சதவீதமாகக் குறைந்தது. போட்டியை வென்று கொடுத்தவற்றில் முக்கியமானது இது.

போட்டிக்குப் பிறகு டேவிட் ஹால் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டுக் கருவியைச் சிறிதாக்குவதில் இறங்கினார். அப்படி வந்ததுதான் எச்.டி.எல்-64இ. எடை சுமார் 13 கிலோ. நிமிடத்துக்கு 300 முதல் 900 சுற்று. விநாடிக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். விலை 75,000 டாலர். பல கார்களின் விலையைவிடக் கண்ணின் விலை அதிகம்.

இதைக் காரில் பொருத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

முதலில் உயரம். கூரையில் வைத்தால்தான் நாலாபுறமும் மறைவில்லாமல் தெரியும். ஆனால் கீழே பார்க்கும் கடைசி லேசர் ஏறக்குறைய 25 டிகிரிதான் சாய்ந்திருக்கும். தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் கருவி இருந்தால் அந்தக் கதிர் தரையைத் தொடுவது 3.7 மீட்டருக்கு அப்பால்தான். அதற்குள் தரையில் கிடக்கும் சின்னப் பொருள் அதன் கண்ணில் படாது. விளக்கின் அடியில் இருட்டு! அதனால்தான் பம்பரைச் சுற்றி வேறு சென்சார்களும் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது உறுதி. கேரியர் சட்டம் கொஞ்சம் தளர்ந்தாலும் மேலே சொன்ன ஒரு டிகிரி வந்துவிடும்.

மூன்றாவது நேரம். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கருவி விநாடிக்கு 10 முறை சுற்றுகிறது, கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் கார் 1.67 மீட்டர் முன்னே போயிருக்கும். ஆகவே சுற்றின் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் வேறு வேறு இடத்திலிருந்து எடுத்தவை. இதைத் திருத்தாவிட்டால் நேரான சுவர் வளைந்து தெரியும். ஒவ்வொரு புள்ளியும் எந்தக் கணத்தில் எடுக்கப்பட்டது, அந்தக் கணத்தில் கார் எங்கே இருந்தது என்று ஜி.பி.எஸ். கடிகாரத்தோடும் அசைவு அளக்கும் கருவியோடும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

நான்காவது கேலிபரேஷன். 64 லேசர்களும் 64 தனித்தனி ஆட்கள் மாதிரி. ஒவ்வொன்றின் கோணத்திலும் தூரத்திலும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். ஸ்டான்ஃபோர்டில் ஜெஸ்ஸி லெவின்சனும் செபாஸ்டியன் த்ரனும் 2010-இல் இதற்கு ஓர் அழகான வழி சொன்னார்கள். சிறப்பு அட்டைகளோ அளவுகோல்களோ வேண்டாம். காரைச் சும்மா ஊருக்குள் ஓட்டுங்கள். உலகில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒரே பரப்பில்தான் இருக்கும். சுவரும் தரையும் மங்கலாக இல்லாமல் கூர்மையாக வரும்வரை 64 லேசர்களின் எண்களையும் கணினி மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். அவ்வளவுதான்!

ஐந்தாவது, எதிரில் இருக்கும் பொருளின் நிறம். நன்றாக ஒளியைத் திருப்பியனுப்பும் பொருட்களை 120 மீட்டர் வரை பார்க்கும் அதே கருவி, கறுத்த தார் ரோட்டை 50 மீட்டர் வரைதான் பார்க்கும். தூசி, மழை, மூடுபனி வந்தால் அவையும் புள்ளிகளாகத் தெரியும்.

2007: நகரத்துக்குள்

2007 நவம்பர் 3 அன்று மூன்றாவது போட்டி. இந்த முறை பாலைவனம் இல்லை. கலிஃபோர்னியாவின் விக்டர்வில் நகரில் கைவிடப்பட்ட ஒரு விமானப்படைத் தளத்தின் தெருக்களில் 60 மைல் ஓட வேண்டும். மற்ற கார்கள் வரும். நாற்சந்தியில் யார் முதலில் போவது என்ற விதியை மதிக்க வேண்டும். முன்னால் மட்டும் பார்த்தால் போதாது, பக்கவாட்டிலும் பின்னாலும் பார்க்க வேண்டும்.

இறுதிச் சுற்றுக்கு 11 அணிகள் வந்தன. 6 முடித்தன. அந்த 6-இல் 5 வண்டிகளின் கூரையில் சுற்றிக்கொண்டிருந்தது ஹாலின் கருவி! முதலிடம் கார்னகி மெலனின் பாஸ், இரண்டாமிடம் ஸ்டான்ஃபோர்டின் ஜூனியர். மூன்றாமிடம் வந்த வர்ஜீனியா டெக் அணி மட்டும் வேறு லேசர்களை வைத்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 26 மைலில் நின்றுபோனவர், போட்டியில் கலந்துகொள்ளாமலே ஜெயித்துவிட்டார் என்று சொல்லலாம்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. எம்.ஐ.டி. வண்டியும் கார்னெல் வண்டியும் மெதுவான வேகத்தில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இரண்டின் கூரையிலும் 64 லேசர் இருந்தது. பிறகு இரு அணிகளும் சேர்ந்தே ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதின. அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, எதிரில் உள்ள வண்டி அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை ஊகிக்க முடியாமல் போனது. எதிரில் இருப்பதை லேசர் சொல்லும். அதன் மனதில் இருப்பதைச் சொல்லாது.

பல்கலைக்கழகத்திலிருந்து தெருவுக்கு

இதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2008-இல் ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து இசைக்குழு தன் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ பாடலின் வீடியோவைக் கேமராவே இல்லாமல் எடுத்தது. அதில் தெருக்களும் வீடுகளும் வரும் காட்சிகள் வெலோடைன் கருவி அளந்த புள்ளிகள்தான். 2009-இல் கூகுள் நிறுவனம் செபாஸ்டியன் த்ரன் தலைமையில் தானியங்கி கார் திட்டத்தைத் தொடங்கியது. டொயோட்டா ப்ரியஸ் கார்களின் கூரையில் இதே கருவி ஏறியது. 2010 அக்டோபரில்தான் இது வெளியுலகுக்குத் தெரிந்தது.

மாணவர்களுக்கு மிக முக்கியமானது 2012-இல் வந்தது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனமும் சிகாகோவில் உள்ள டொயோட்டா தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து ‘கிட்டி’ என்ற தரவுத் தொகுப்பை வெளியிட்டன. ஒரு ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸாட் காரின் கூரையில், முன்பு கணக்குப் பார்த்த அதே 1.73 மீட்டர் உயரத்தில், 64 லேசர் கருவி விநாடிக்கு 10 முறை சுற்றியது. லேசர் முன்பக்கம் திரும்பும் அந்தக் கணத்தில் கேமராக்கள் கிளிக் செய்யும்படி இணைத்திருந்தார்கள். 75,000 டாலர் கருவியைக் கண்ணால்கூடப் பார்க்காத மாணவர்களும் அந்த அளவுகளை இலவசமாக இறக்கி ஆராய்ச்சி செய்ய முடிந்தது.

விலையும் இறங்கியது. வெலோடைன் 2014-இல் 16 லேசர்களோடு கையில் அடங்கும் கருவியைக் கொண்டுவந்தது. 7,999 டாலராக இருந்த அதன் விலை 2018 ஜனவரியில் பாதியானது. வேறு ஒரு பாதையிலும் இது இறங்கி வந்தது. 2010-இல் நியாட்டோ என்ற கம்பெனி வீடு பெருக்கும் ரோபோட் ஒன்றில் சுற்றும் லேசரை வைத்தது. அது ஒளி திரும்பும் நேரத்தை அளக்கவில்லை. லேசர் புள்ளி கேமராவில் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்து முக்கோணக் கணக்கில் தூரத்தைச் சொல்லும். டிகிரிக்கு ஒன்றாக 360 அளவுகள். சுற்றுவதற்கு ஒரு சின்ன மோட்டார், ஒரு ரப்பர் பெல்ட். ஆர்வலர்கள் அந்த ரோபோட்டைப் பிரித்து லேசரை எடுத்துத் தங்கள் சொந்த வண்டிகளில் மாட்டத் தொடங்கினார்கள்!

2018: கண் பார்த்தும்...

2018 மார்ச் 18 இரவு. அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண்மணி மேல் மோதியது. அவர் இறந்துபோனார். தானியங்கி கார் மோதிப் பாதசாரி இறந்த முதல் சம்பவம் அதுதான்.

காரின் கூரையில் வெலோடைன் லேசர் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து வெளியிட்ட விவரம் மனதை உறுத்துவது. மோதலுக்கு 5.6 விநாடி முன்பே ரேடார் அவரைக் கண்டது. 5.2 விநாடி முன்பு லேசரும் கண்டது. மணிக்கு சுமார் 69 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து விநாடி என்றால் 95 மீட்டர் தூரம். நிறுத்துவதற்குத் தாராளமான இடம்.

ஆனால் மென்பொருள் அவரை ஒரு முறை வாகனம் என்றது, ஒரு முறை வேறு ஏதோ பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அவர் அதுவரை வந்த பாதையை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடக்கலாம் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் இல்லை. மோதப்போகிறோம் என்று புரிந்தபோது 1.2 விநாடிதான் இருந்தது. தேவையில்லாமல் பிரேக் போடுவதைத் தவிர்ப்பதற்காக வைத்த ஒரு விநாடித் தாமதம் அதிலும் போனது. காரோடு வந்த தானியங்கி பிரேக்கும் சோதனை ஓட்டத்தின்போது செயல்படாதபடி வைக்கப்பட்டிருந்தது. சாலையைக் கண்காணிக்க உட்கார்ந்திருந்தவரின் பார்வை செல்போனில் இருந்தது.

ஸ்டான்லி குழு பயந்தது இல்லாத தடையைப் பார்த்து வண்டி நிற்பதற்கு. அந்தப் பயத்தை அவர்கள் கணக்கால் சரிசெய்தார்கள். டெம்பியில் அதே பயத்துக்கு ஒரு விநாடித் தாமதத்தை மருந்தாக வைத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் லேசரில் இல்லை.

பிறகு என்ன ஆனது?

கேமரா மட்டும் போதும், லைடார் தேவையற்றது என்று டெஸ்லாவின் எலான் மஸ்க் 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார். கூகுளின் திட்டத்திலிருந்து உருவான வேமோ நிறுவனமோ சொந்தமாகவே லைடார் தயாரித்து, 2020 அக்டோபரில் ஃபீனிக்ஸ் பகுதியில் டிரைவர் இல்லாத டாக்சியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

வெலோடைன் 2020-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே டேவிட் ஹாலை அவர் தொடங்கிய கம்பெனியின் இயக்குநர் குழு தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. சீனாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மலிவான கருவிகள் சந்தைக்கு வந்துகொண்டே இருந்தன. 2023 பிப்ரவரியில் வெலோடைன், தன் போட்டியாளரான ஔஸ்டர் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. டன்ட்ராவின் கூரையில் ஏறிய அந்தக் கனமான முதல் கருவி இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2005 போட்டியைப் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வெளிவந்த ஒரு செய்தியும் உண்டு. அன்று கார்னகி மெலனின் இன்னொரு வண்டியான ஹைலேண்டர்தான் வெல்லும் என்று பலர் நினைத்தார்கள். பாதி வழியில் அதன் எஞ்சின் காரணமே இல்லாமல் வலுவிழந்து, ஸ்டான்லி முந்திச் சென்றது. 2017-இல் அந்தப் பழைய வண்டியை மீண்டும் இயக்கியபோதுதான் தெரிந்தது. எஞ்சினின் மின்னணுப் பகுதியில் இருந்த ஒரு சிறிய ஃபில்டர் பழுது. அதைக் கையால் அழுத்தினாலே எஞ்சின் அடங்கியது. போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் பயிற்சியில் வண்டி கவிழ்ந்தபோது அது சேதமடைந்திருக்க வேண்டும். கூரையில் விலையுயர்ந்த லேசர்கள், கீழே கவனிக்கப்படாத ஒரு சின்னப் பாகம்!

நண்பர்களே, சுற்றும் லேசர் இன்று கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கே வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டது. அதை ஒரு சின்ன வண்டியில் பொருத்தி ஓட்டப்போகிறவர்கள் திரையில் அழகான புள்ளிகள் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, சுவர் நேராக வருகிறதா என்று பாருங்கள். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டே பாருங்கள், அப்போதும் நேராக வருகிறதா? கறுப்புத் துணி போர்த்திய நாற்காலி தெரிகிறதா? சக்கரத்துக்கு முன்னால் வைத்த செருப்பு தெரிகிறதா? கடைசியாக, ஒருவரை வண்டிக்கு முன்னால் குறுக்கே நடக்கச் சொல்லுங்கள். திரையில் அவர் தெரிவதைப் பார்க்காதீர்கள். வண்டி நிற்கிறதா என்று பாருங்கள்.